99 சென்ட்டுக்கு இரண்டு சுருட்டு

அமெரிக்காவின் பால்டிமோரில் நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். படிவத்தில் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறித்திருப்பார்கள். அது பொய் இல்லை. அவர்கள் மனதில் புகைப்பது என்றால் சிகரெட், அதை அவர்கள் தொடுவதில்லை. பிளாக் அண்ட் மைல்ட், ஸ்விஷர், பேக்வுட்ஸ் என்று சிறு சுருட்டுகளின் பிராண்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான், “ஓ, அதுவா? பிளாக்ஸ் பிடிப்பேன் டாக்டர், தினமும் ரெண்டு மூணு” என்று பதில் வரும். ஒஹாயோவில் கிளீவ்லாந்தை ஒட்டிய பகுதிப் பள்ளிகளில் நடந்த கணக்கெடுப்பிலும் இதே கதைதான். பிராண்டின் பெயரைக் கேள்வியில் சேர்த்ததும் சுருட்டுப் பிடிப்பதாகச் சொன்னவர்கள் அதிகமானார்கள்.

அப்படியானால் ‘சுருட்டு பிடிக்காதீர்’ என்ற சுவரொட்டி யார் கண்ணில் படும்? அதில் பெரும்பாலும் தடித்த சுருட்டோடு ஒரு வயதான வெள்ளைக்காரர்தான் இருப்பார். இருபத்திரண்டு வயதுப் பையன் அதைத் தனக்குச் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வான்?

இந்தச் சிறு சுருட்டுகள் இவர்கள் கைக்கு வந்து சேர்ந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 2009-இல் வந்த புகையிலைச் சட்டம் மென்தால் தவிர்த்த மற்ற வாசனைச் சிகரெட்டுகளைத் தடை செய்தது. சுருட்டை விட்டுவிட்டது. சிகரெட்டை இருபது எண்ணிக்கைக்குக் குறைவாக விற்கக் கூடாது, சுருட்டையோ ஒன்றிரண்டாக விற்கலாம். திராட்சை, செர்ரி, ஒயின் வாசனையில், உறையிலேயே ‘99 சென்ட்டுக்கு இரண்டு’ என்று அச்சிட்டு விற்றார்கள். வாஷிங்டன் டி.சி. கடைகளில் நடந்த ஓர் ஆய்வு, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் இவை அதிகமாகவும் மலிவாகவும் கிடைப்பதைக் காட்டியது. ஸ்விஷர் நிறுவனம் வளரும் இசைக் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்து நிகழ்ச்சிகள் நடத்தியது. இவ்வளவையும் செய்துவிட்டு, பழக்கத்துக்கு அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி, நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் சொல்லும் நம்பிக்கைகளுக்கு வருகிறேன். விழிப்புணர்வுச் செய்தி பேச வேண்டியது இவற்றோடுதான்.

“நான் உள்ளே இழுக்கிறதில்லை.” இதைத்தான் அதிகம் கேட்கிறேன். சுருட்டுப் புகை பொதுவாகச் சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும். உள்ளே இழுக்காவிட்டாலும் அடிமையாகலாம். புகை வாயிலேயே தங்கும்போது ஈறும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும்தான் அதைத் தாங்குகின்றன. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் என்று சுருட்டு உண்டாக்கும் புற்றுநோய்களை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-லேயே ஒரு முழு அறிக்கையாகத் தொகுத்துவிட்டது. தவிர, சிகரெட் பழகியவர்களும் இந்தச் சிறு சுருட்டைப் பிடிப்பவர்களும் பெரும்பாலும் தங்களை அறியாமலே உள்ளே இழுக்கத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது ‘ஃப்ரீக்கிங்’. பிளாக் அண்ட் மைல்டை விரலால் உருட்டித் தளர்த்தி, புகையிலையைக் கொட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய தாளை உருவி எறிந்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். அந்தத் தாளுக்கு ‘கேன்சர் பேப்பர்’ என்றே பெயர். அதை எடுத்துவிட்டால் புற்றுநோய் வராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவன் எடுக்கும் முயற்சி அது. அந்த அக்கறையைப் பாராட்டிவிட்டுத்தான் மீதியைச் சொல்வேன்: தாள் போனாலும் எரிவது புகையிலை, தார் என்ற கரும்பிசினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அதிலிருந்துதான் வருகின்றன. சுருட்டுப் புகையிலையை நொதிக்க வைத்துப் பதப்படுத்துவதால் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருள் அதில் கூடுதலாகச் சேர்கிறது. அதை உருவி எறிய வழியில்லை.

ப்ளண்ட் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலையைக் கொட்டிவிட்டுக் கஞ்சா நிரப்பினாலும், வெளியே சுற்றியிருப்பது புகையிலை இலை. நிகோட்டின் அதிலும் இருக்கிறது.

‘புகைத்தால் சாவாய்’ என்று மொட்டையாகச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து ஈறு எங்கே இறங்கியிருக்கிறது என்று காட்டுவேன். அவன் சொன்ன நம்பிக்கையை எடுத்து, அதற்கு நேராக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வேன். அப்புறம் கடையைப் பற்றிப் பேசுவேன். உன் தெருவில் ஏன் இது இவ்வளவு மலிவு என்று கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் பயத்தைவிட அதிக நாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘கறுப்பின இளைஞர்களே, நீங்கள்தான் அதிகம் புகைக்கிறீர்கள்’ என்ற தொனி வந்தால் காதை மூடிக்கொள்வார்கள், அதில் தப்பே இல்லை. செய்தியை அவர்களே எழுத வேண்டும், அவர்கள் முகமும் குரலும் அதில் இருக்க வேண்டும். 2015-இல் எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) தொடங்கிய ‘ஃபிரெஷ் எம்பயர்’ என்ற பிரசாரம் ஹிப்-ஹாப் பிடித்த பிள்ளைகளை அவர்கள் உலகத்துக்கே போய்ச் சந்தித்தது. நல்ல முயற்சி. ஆனால் அது 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது, பேச்சும் பெரும்பாலும் சிகரெட்டைப் பற்றியே இருந்தது. பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு, சிறு சுருட்டைப் பெயர் சொல்லிப் பேசும் இயக்கம் வேண்டும். மேரிலாந்து சுகாதாரத் துறை சுருட்டைப் பற்றி ‘சிகார் டிராப்’ (சுருட்டுப் பொறி) என்ற பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தியிருக்கிறது.

செய்தி மட்டும் போதாது என்பதும் உண்மை. 2016-இல் எஃப்.டி.ஏ. சுருட்டு உறைகளுக்கு விதித்த எச்சரிக்கை வாசகங்களை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வாசனைச் சுருட்டுகளைத் தடை செய்ய 2022-இல் முன்வைத்த விதி 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தாங்களாகவே வாசனைப் புகையிலையைக் கடைகளிலிருந்து நீக்கியிருக்கின்றன.

விட நினைப்பவர்களுக்கும், அவர்களுக்கு உதவும் சக மருத்துவர்களுக்கும் ஒரு குறிப்பு. 1-800-784-8669 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பேட்சின் அளவு ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற கணக்கில் போடப்பட்டது. சுருட்டுக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பிளாக்கைப் பற்ற வைக்கிறார் என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால், சிகரெட் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலும் நிகோட்டின் அவரைப் பலமாகப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குங்கள்.