கட்டு நானோவாக இருந்தாலும் பல் துலக்கத்தான் வேண்டும்

இந்த மாதம் மறுபடியும் ஒருவர். ஈறு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தார். வாய் முழுக்க மாவு மாதிரி அழுக்கு. கேட்டால், "நானோ கட்டு போட்டா கிருமியே வராதுன்னு வீடியோல சொன்னாங்க டாக்டர், அதான் பிரஷ் பண்ணல" என்கிறார். அவருக்கு நான் ஈறுப் புண்மேல் வைத்தது வழக்கமான ரோஸ் நிறக் கட்டு, நுண்துகள் கலந்த நானோ கட்டு இல்லை. நானோ கட்டாக இருந்திருந்தாலும் வாயின் கதி இதுவேதான்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், ஈறில் வைக்கும் கட்டு புண்ணை ஆற்றும் மருந்து இல்லை. 1923-இல் வார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெய்ச் சத்தையும் குழைத்து வைத்த காலத்திலிருந்தே அதன் முக்கிய வேலை காவல்தான். சோறும் நாக்கும் பிரஷும் புண்ணில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும். புண்ணை மூடுவது உங்கள் உடம்பு. ஓரத்திலிருந்து நாளுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் வீதம் புதுத்தோல் வளரும். மேலே மூட ஒன்றிரண்டு வாரம், உள்ளே உறுதிப்பட இன்னும் பல வாரம். பல அறுவைகளுக்கு நாங்கள் கட்டே வைப்பதில்லை, அவையும் நன்றாகவே ஆறுகின்றன.

அப்படியானால் நானோ எதற்கு? கட்டின் மேலும் அடியிலும் கிருமி படியும். அதைக் குறைக்கத்தான் வெள்ளி, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்களைக் கட்டில் கலந்து பார்க்கிறார்கள். தீக்காயத்துக்கு நானோ வெள்ளிக் கட்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. வாய்க்குள் எச்சில், மெல்லுதல் என்று நிலைமை வேறு. வெள்ளியின் அளவு கூடினால் கிருமியோடு நம் செல்களும் சாகும். எனக்கு இந்த ஆராய்ச்சியில் நிஜமான நம்பிக்கை உண்டு, குறிப்பாக அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஈறில் ஒட்டும்போது அங்கே திறந்து கிடக்கும் புண்ணுக்கு. ஆனாலும் கட்டு இல்லாத பல்லில் படியும் அழுக்கை எந்த நானோவும் துலக்கித் தராது.

இன்னொன்று, ஆன்லைனில் விற்கும் 'வெள்ளித் தண்ணீரை' வாங்கிக் கொப்பளிக்காதீர்கள், குடிக்கவே குடிக்காதீர்கள். இப்படி வெள்ளி நுண்துகள் கலந்து கடைகளில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகளுக்குப் பாதுகாப்போ பலனோ நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-லேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தால் தோல் நீலச்சாம்பல் நிறமாகலாம், பிறகு பெரும்பாலும் மாறாது.

அறுவை முடிந்த முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், வேகமாகத் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம். மறுநாளிலிருந்து மற்ற பற்களை வழக்கம்போல் துலக்குங்கள், டாக்டர் எழுதித்தந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்தால் கொப்பளியுங்கள். பேஸ்ட் போட்டுத் துலக்கியதும் அரை மணி நேரம் விட்டுத்தான் அது, இல்லாவிட்டால் அதன் பலன் குறையலாம். பல்லில் பழுப்புக் கறை வந்தால் பயப்படாதீர்கள், சுத்தம் செய்துவிடலாம். சிகரெட், ஹான்ஸ் புகையிலை எதுவும் கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். புண்மேல் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சீழ் இல்லை, ஆறும்போது வருவது. அதைச் சுரண்டிவிட்டு ரத்தத்தோடு ஓடி வருகிறீர்களே, அப்புறம் எப்படி ஆறும்?

ரத்தம் கசிந்தால் சுத்தமான ஈரத்துணியை 20 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையென்றால் உடனே கிளம்பி வாருங்கள். கட்டு கழன்று விழுந்தால் நீங்களே திரும்ப ஒட்டாதீர்கள். போன் செய்யுங்கள், மறுபடி வைக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.