எழுந்தால் கண் இருட்டுகிறதா? பிரஷரை நின்றபடியும் பாருங்கள்

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க டாக்டர், ஆனா எழுந்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று வருகிறவர்களிடம் தடிமனான ஃபைல் ஒன்று இருக்கும். தலை ஸ்கேன், கழுத்து எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும், நிற்கவைத்துப் பார்த்த பிரஷர் மட்டும் இருக்காது.

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் வேண்டும். கையிருப்பு கிடையாது, ரத்தம் முழுதாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். நாம் எழுந்து நின்றதுமே அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது, அப்படியும் நாம் விழாமல் இருப்பது நரம்புகளால்தான். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைவதை உணர்ந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்ல, அங்கிருந்து வரும் உத்தரவில் கால், வயிற்று ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து, அரை நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். மூளையின் குழாய்களும் தங்கள் பங்குக்கு விரிந்து கொடுக்கும். ஆனால் அழுத்தம் ரொம்ப இறங்கினால் அவற்றாலும் முடியாது.

பல வருடச் சர்க்கரை நோய், பார்க்கின்சன் நோய் ஆகியவை இந்த நரம்புகளைப் பழுதாக்கும். அதைவிட அதிகம் கண்ணில் படுவது பிரஷரை இறக்கிவிடும் மாத்திரைகள்: பிரஷருக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று, பிராஸ்டேட்டுக்கு ஒன்று என்று தனித்தனி டாக்டர்கள் எழுதியது, மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. (இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.)

ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள், பிறகு எழுந்து நின்று ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போங்கள். அதுவரை ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசியைக் கண்டு மயங்கும் இளவயதுக்காரர்கள் கதை வேறு. அவர்களுக்கு நரம்பு பழுதில்லை, அந்த நேரத்துக்குத் தலைகீழாக வேலை செய்கிறது: மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்கிறது, குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. வியர்த்து, குமட்டி, காது அடைத்தால் உடனே படுத்துவிடுங்கள். படுக்க வழியில்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள், முஷ்டியையும் மடக்குங்கள், கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

விழுந்தவரை உடனே தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். அவர் விழுந்ததால்தான் மூளைக்கு ரத்தம் திரும்பப் போகிறது! படுத்தே இருக்கட்டும், காலை உயர்த்துங்கள், நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ கூட இருந்தால், முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். பிரஷர் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.