காசில் இருந்த கழுகும் வாசலில் இருந்த கழுகும்

எருசலேம் ஆலயத்துக்கு யூதர்கள் ஆண்டுதோறும் அரை ஷெக்கேல் வரி கட்டினார்கள். வெள்ளி சுத்தமானது என்பதால் தீரு நகரத்துக் காசுகளே அதற்கு ஏற்கப்பட்டன. அந்தக் காசின் ஒரு பக்கத்தில் மெல்கார்ட் என்ற அயல் தெய்வத்தின் தலை, மறுபக்கத்தில் கழுகு. ஆனால் யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் ஆலய வாசலுக்கு மேல் ஒரு பொற்கழுகை வைத்தபோது, கி.மு. 4இல் சில இளைஞர்கள் பட்டப்பகலில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி அதைக் கோடரியால் வெட்டி வீழ்த்தினார்கள். பிடிபட்டவர்களில் சிலரை ஏரோது உயிரோடு எரித்தான்.

காசுக்கு ஒரு நியாயம், வாசலுக்கு ஒரு நியாயமா? விவிலியத்தின் யாத்திராகமத்தில் உள்ள கட்டளை உருவம் செய்யாதே என்கிறது. அடுத்த வரியில் அதை வணங்காதே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழிபாட்டுக்கு மட்டும் தடை. தனித்தனியே படித்தால் உருவம் என்றாலே தடை.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா சேர்த்தே படிக்கிறது. அதில் ஒரு சம்பவம்: அக்கோ நகரில், கிரேக்கக் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் சிலை நின்ற குளியல் கூடத்தில் கமாலியேல் என்ற ரபி (யூத மத ஆசிரியர்) குளித்துக்கொண்டிருந்தார். இது எப்படித் தகும் என்று ஒருவர் கேட்டார். குளியல் கூடத்தில் பதில் சொல்வதில்லை என்று வெளியே வந்து விளக்கினார்: "அவள் இடத்துக்கு நான் வரவில்லை; என் இடத்துக்கு அவள் வந்தாள்." காசு கொடுத்தாலும் தன் தெய்வத்தின் முன் யாரும் அம்மணமாக நிற்பானா? இவளோ சாக்கடையோரம் நிற்கிறாள், எல்லோரும் அவள் முன்னால்தான் சிறுநீர் கழிக்கிறார்கள். வக்கீல்கள் பொறாமைப்படும் வாதம்! சிலையை வணங்கி வந்தவனே அதன் மூக்கு நுனியை உடைத்துவிட்டால் அது வெறும் கல்லாகிவிடும் என்றும் அதே நூல் விதி வகுக்கிறது.

யூப்ரடீஸ் கரையில், இன்றைய சிரியாவில் இருந்த தூரா-யூரோப்போஸ் நகர யூத ஜெப ஆலயத்தின் சுவர் ஓவியங்களில் இந்த வாசிப்பைக் கண்ணால் காணலாம். கி.பி. 244-45இல் புதுப்பிக்கப்பட்ட கூடம் அது. மோசே, எஸ்தர், எசேக்கியேல் கண்ட எலும்புகள் என மனிதர்கள் நிறைந்த ஓவியங்கள். கடவுள் மட்டும் மேலிருந்து நீளும் ஒரு கையாக வருகிறார். ஈசாக்கைப் பலியிடப்போகும் ஆபிரகாம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். சுமார் 256இல் பாரசீகத்தின் சாசானியர் நகரை முற்றுகையிட்டபோது, மதிலை வலுப்படுத்த ரோமானியர் அந்தக் கூடத்தில் மண்ணைக் கொட்டினார்கள். அதனால்தான் 1932இல் அகழ்ந்தபோது ஓவியங்கள் நிறம் மங்காமல் கிடைத்தன.

தனித்தனியே படித்தவர்களும் ஒழிந்துவிடவில்லை. எரிகோ அருகே நாரான் ஜெப ஆலயத்தின் மொசைக் தரையில், பின்னாளில் யாரோ மனித, விலங்கு உருவங்களைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். சிங்கங்களுக்கு நடுவே நின்ற தானியேலும் தப்பவில்லை. பக்கத்தில் இருந்த எபிரேய எழுத்துகளை மட்டும் அவர்கள் தொடவில்லை.