ஒலிபரப்பா, ஒளிபரப்பா? கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்

ஒப்பந்தங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. கொஞ்ச நாளைக்கு முன் கிராமியக் கலைக்குழு ஒன்று, தாங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. "ரேடியோவுக்குத்தானே சார் கொடுத்தோம், டிவியில ஓட்டுறாங்களே" என்றார் குழுத்தலைவர். தமிழ்ப் பிரதியில் 'ஒலிபரப்பு உரிமை' என்றுதான் இருந்தது. ஆங்கிலப் பிரதியைப் புரட்டினால், 'பிராட்காஸ்ட்'.

வினையே அந்தச் சொல்லில்தான். அது வயலிலிருந்து வந்தது. நாற்று விட்டு நடாமல், விதையைக் கையால் அள்ளி அகல வீசுகிறோமே, நம் ஊரில் தெளிப்பு என்பார்கள், அதற்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பெயர். 1920களில் வானொலி அதை எடுத்துக்கொண்டது, பிறகு தொலைக்காட்சி வந்ததும் 'பிராட்'டை எடுத்துவிட்டு 'டெலி'யைப் போட்டு 'டெலிகாஸ்ட்' ஆக்கினார்கள். 'டெலி' கிரேக்கம், தொலைவு என்று பொருள். தூர்தர்ஷன் என்பதும் அதே கதைதான்: தூரம் தொலை, தர்ஷன் காட்சி.

தமிழில் 'பரப்பு' அந்தத் தெளிப்பை அப்படியே வைத்துக்கொண்டது, ஆனால் எதைத் தெளிக்கிறோம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஒலி என்றால் சத்தம், ஒளி என்றால் வெளிச்சம். கொழும்பு வானொலியின் பெயரே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்பதைப் பாருங்கள், கச்சிதம். ஆங்கில 'பிராட்காஸ்ட்'டில் இந்தப் பிரிவினை கிடையாது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'பிராட்காஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒலியும் அடங்கும், காட்சியும் அடங்கும், கம்பி வழியும் கம்பியில்லா வழியும் அடங்கும். ஆகவே தமிழாக்குகிறவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

தேர்வதில் தப்பு வருகிறதோ இல்லையோ, விரலில் வந்துவிடும். ஒலியியல் விசைப்பலகையில், அதாவது உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில், அடிக்கிறவர்களுக்கு ல-வுக்கும் ள-வுக்கும் இடையே ஷிப்ட் பொத்தான் மட்டும்தான். 'ஒழிபரப்பு' என்று அடித்தால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும் (அது வேறு விபரீதம்!), ஒலியும் ஒளியும் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் சத்தமே போடாது.

அதனால் கலைஞர்கள் யாராக இருந்தாலும் 'ஒலிபரப்பு, ஒளிபரப்பு, இணையத்தில் ஏற்றுதல்' என்று தனித்தனியாக எழுதச் சொல்லி, எதைக் கொடுக்கிறீர்கள், எதைக் கொடுக்கவில்லை என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். அந்தக் குழுவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு மேலேயே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இரண்டு பிரதிகளுக்கும் முரண் வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்.