ஏசி காயிலில் பனி படிந்தால், கேஸ் நிரப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, குளிர்ச்சியும் குறைந்துவிட்டது என்று அழைப்பவர்களின் வீட்டில் முன்மூடியைத் திறந்தால், கூலிங் காயில் (அறைக்காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி) முழுவதும் பனிக்கட்டி மூடிக் கிடப்பதைப் பலமுறை பார்க்கிறேன். கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிவிடுங்கள் என்று வீட்டுக்காரரே முடிவு சொல்லிவிடுகிறார். அவசரப்பட்டு அப்படிச் செய்வதால்தான் பல நல்ல இயந்திரங்கள் கெடுகின்றன.

காயிலின் மேற்பரப்பு 0 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்கும்வரை, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து வடிகுழாய் வழியாக வெளியேறும். அதற்குக் கீழே இறங்கினால் அந்த நீரே உறைந்துவிடும். கேஸ் கசிந்து அழுத்தம் குறைந்தாலும் இது நேரும்; கேஸ் சரியாக இருந்து, காயிலின்மேல் போதிய அறைக்காற்று பாயாவிட்டாலும் நேரும். ஆர்-22 கேஸுக்கு ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ, ஆர்-410ஏ கேஸுக்கு ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால், அது காயிலுக்குள் 0 டிகிரியில் ஆவியாகும். காற்றோட்டம் அடைபட்டிருந்தாலும் கேஜ் (அழுத்தமானி) முள் இந்த அளவுக்குக் கீழே இறங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடைப்பை நீக்காமல் அந்த அளவை நம்பி கேஸ் ஏற்றிவிட்டால், பின்னர் காயிலைச் சுத்தம் செய்தவுடன் அதே இயந்திரத்தில் கேஸ் மிகுதியாகி, கம்ப்ரசருக்குச் சுமை கூடும்.

ஆகவே முதல் வேலை பனியை உருக்குவது. குளிரூட்டலை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடும்படி ரிமோட்டில் வைத்து, சில மணி நேரம் பொறுத்திருங்கள். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்ட வேண்டாம். அலுமினியத் தகடுகள் மடங்குவதோடு, பின்னாலுள்ள செம்புக் குழாயிலும் ஓட்டை விழக்கூடும். பனியோடு தொடர்ந்து ஓட்டுவதும் கூடாது. ஆவியாகாத திரவக் கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி, அதன் வால்வுகளைச் சேதப்படுத்தும்.

உருகிய பின் ஃபில்டரைக் கழுவுங்கள். அதோடு நின்றுவிடாமல், ஏசியை அணைத்து மின் இணைப்பையும் துண்டித்துவிட்டு, காற்று வெளிவரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ளோயர் உருளையின் ஒவ்வொரு இதழும் உள்வளைந்த வடிவம் கொண்டது. அந்த வளைவு சாம்பல் நிறத் தூசியால் நிரம்பிவிட்டால், உருளை வேகமாகச் சுழன்றாலும் காற்றைத் தள்ளாது. ஃபில்டர் பளிச்சென்று இருக்கும் வீடுகளிலும் மீண்டும் மீண்டும் பனி படிய இதுவே காரணமாக இருப்பதுண்டு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் முறையான வாட்டர் சர்வீஸில்தான் இது போகும். சர்வீஸ் முடிந்ததும் காயில் சென்சார் அதன் செம்புக் கூட்டுக்குள் மீண்டும் செருகப்பட்டதா என்று கேளுங்கள். அது வெளியே தொங்கினால், காயில் உறையும்போது கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு வேலை செய்யாது.

எல்லாம் சுத்தமான பிறகு ஏசியை ஓட்டி, முதல் கால் மணி நேரம் கவனியுங்கள். காயிலில் கேஸ் நுழையும் பகுதியில் மட்டும் பனி பிடித்து, அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய குழாயும் பனியால் வெளுத்தால், கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காயில் முழுக்கச் சீராகப் படிந்து தடித்த குழாய்வரை வந்தால், காற்றோட்டக் குறை இன்னும் தீரவில்லை. வெளியே நல்ல குளிராக இருக்கும் இரவில், குறைந்த ஃபேன் வேகத்தில் ஓட்டினாலும் பனி படியலாம். அதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை.

கேஸ் எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். எனவே கசிவைக் காட்டச் சொல்லுங்கள். குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்து, நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் சோதித்து, அடைத்த பிறகு வேக்கம் போட்டே (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தே) நிரப்ப வேண்டும். ஆர்-32, ஆர்-290 கேஸ்கள் இரண்டும் தீப்பற்றக்கூடியவை என்பதால், அருகில் தீ கூடாது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகத்துக்கேற்ப அழுத்தம் ஏறி இறங்குவதால், கேஜை மட்டும் பார்த்து நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர்ப்பலகையில் அச்சிட்டுள்ள எடையைத் தராசில் எடைபோட்டு ஏற்றும்படி கேளுங்கள்.