மூங்கில் குச்சியும் சொட்டு நீலமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வண்ணாமடைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டுக்குக் குழாய் வேலை பார்க்க, சென்ற கோடையில் என்னை அழைத்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, நான் பையை இறக்கி வைப்பதற்குள்ளாகவே குறையைச் சொல்லிவிட்டார்: "கொழாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, எங்கியும் சொட்டலை. ஆனா காலையில ரொப்புன தொட்டி பத்தாம, பொழுதோட மறுக்கா மோட்டாரு போட வேண்டியிருக்குது." வீட்டில் ஐந்து பேர், மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. அதற்கு முன் வந்த இருவரில் ஒருவர் மோட்டாரைக் குறை சொல்லியிருக்கிறார், மற்றவர் இரண்டு குழாய்களுக்குப் புது வாஷர் போட்டுவிட்டுக் கூலி வாங்கிச் சென்றிருக்கிறார்.

அன்று நான் எதையும் கழற்றவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் யாரும் தண்ணீர் புழங்க வேண்டாம் என்று சொல்லி, காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடி வரை செங்குத்தாக இறக்கி எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளும்படியும், காலை ஐந்து மணிக்கு மறுபடியும் அதே போல் அளக்கும்படியும் பேரனிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் இரண்டு கீறல்களுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் இருந்தது. அந்தத் தொட்டியின் விட்டம் ஒரு மீட்டரும் 10 சென்டிமீட்டரும் ஆகையால், மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். ஏழு மணி நேரத்தில் 114 லிட்டர். ஒரு முழு நாளுக்குக் கணக்கிட்டால் 390 லிட்டர். கிராமப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதே 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. ஐந்து பேருக்கு அது 275 லிட்டர். அந்தக் குடும்பம் முழுவதற்கும் அரசு கணக்கிட்டு வைத்த தண்ணீரைவிட அதிகமான தண்ணீர், ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லாமல் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

போன இடத்தைக் கண்டுபிடிக்கத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதுமாக இருந்தது. கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருந்தோம். கோப்பையின் பின்பக்கச் சுவரில், விரலை வைத்துப் பார்த்தால்தான் ஈரம் என்று தெரியும் அளவுக்கு மெல்லிய ஒரு நீலப் படலம் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் சீல் விறைத்துப்போய், அது உட்காரும் வளையத்தின் மீது உப்புப் படிந்திருந்தது. கீழே வழிந்த அளவுக்கு மேலே மிதவை வால்வு சிறிது சிறிதாகத் தண்ணீரை விட்டு ஈடுசெய்துகொண்டே இருந்ததால், டேங்க் எப்போது பார்த்தாலும் நிறைந்தே தெரிந்தது. வளையத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நூறு ரூபாய்க்கும் குறைவான சீல் ஒன்றை மாற்றியதும், அன்று இரவு குச்சியில் இரண்டாவது கீறல் விழ இடமில்லாமல் போயிற்று.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் குழாய் வேலை செய்து வருகிறேன். சொட்டுகிற குழாயைப் பற்றி என்னிடம் வருந்தாதவர் இல்லை. ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது, இரவில் காதிலும் விழுகிறது. ஆனால் அப்படிச் சொட்டும் குழாயின் கீழ் ஒரு மக் வைத்து அளந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி பிடித்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டர் சொச்சம்தான். அது சரிசெய்யப்பட வேண்டியதே. ஆனாலும், அதை மட்டும் சரிசெய்துவிட்டுத் தண்ணீரைச் சேமித்துவிட்டோம் என்று எண்ணுவது, ஓட்டைப் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து வைப்பது போன்றது. பெரும் இழப்பு எப்போதும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: ஃப்ளஷ் டேங்க், மேல்தொட்டியின் நிரம்பி வழியும் குழாய், மண்ணுக்குள் புதைந்த இணைப்பு. மூன்றுமே வாய் திறக்காதவை.

ஃப்ளஷ் டேங்கில் இன்னொரு குறையும் உண்டு. மிதவை சற்று உயரமாக வைக்கப்பட்டிருந்தால், உள்ளே நிற்கும் வழிவுக் குழாயின் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறி, அதன் வழியே கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. நீர்மட்டம் வழிவுக் குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையின் திருகைச் சரிசெய்ய வேண்டும். இதற்குச் செலவும் இல்லை, பிளம்பரும் தேவையில்லை. பழைய பத்து லிட்டர் டேங்க் உள்ளவர்கள் அதை மாற்றும் எண்ணம் இருந்தால், ஆறு லிட்டரும் மூன்று லிட்டரும் தனித்தனியே விடும் இரட்டைப் பொத்தான் வகையை வாங்கலாம். ஆனால் அவ்வகை டேங்குகளில் பொத்தான் சிக்கிக்கொண்டு நீர் தொடர்ந்து இறங்குவதை நான் அடிக்கடிப் பார்க்கிறேன். ஆகவே சொட்டு நீலச் சோதனை அவற்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவை.

மேல்தொட்டியின் வழிவுக் குழாயைப் பெரும்பாலான வீடுகளில் பின்பக்கத்து சன்ஷேடின் மேல் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் வழிந்தால் சத்தமும் கேட்காது, கண்ணிலும் படாது. சுவரில் பாசி பிடித்த பிறகுதான் தெரியும். அந்தக் குழாயை அடுக்களைக் கதவுக்கு எதிரில், பார்வை படும் இடத்தில் விழும்படி இறக்குவதற்கு இரண்டு எல்போவும் சில அடிக் குழாயும் போதும். தானாக மோட்டாரை நிறுத்தும் மட்டக் கருவி பொருத்தியவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். உப்பு நீரில் அக்கருவியின் உணரிகள் மேல் படிவு கட்டி, ஒரு நாள் அது தன் வேலையை மறந்துவிடும்.

மண்ணுக்குள் கசிவதைக் கண்டுபிடிப்பதற்கு ஏப்ரல் மாதமே ஏற்றது. சுற்றிலும் தரை வெடித்துக் கிடக்கும்போது, சுவரோரம் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் அருகம்புல் பச்சையாக நின்றால் அங்கே தோண்டலாம். நான் தோண்டிய இடங்களில் பெரும்பாலும் ஏமாந்ததில்லை. குடிநீர் இணைப்பு உள்ள வீடுகளில் இதைவிட எளிய வழி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் முகத்தில் உள்ள சிறு சக்கரத்தைப் பார்ப்பதாகும். சம்ப்பும் மேல்தொட்டியும் நிறைந்து மிதவை வால்வு அடைத்த பிறகும் அது ஊர்ந்துகொண்டிருந்தால், மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் எங்கோ கசிகிறது. கேரளத்தில் 2023 பிப்ரவரியில் குடிநீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு பைசா உயர்ந்தபோது, ஒரு பைசாதானே என்று பலரும் சொன்னார்கள். மாதம் 10,000 லிட்டர் கசியும் வீட்டில் அந்த உயர்வு மட்டுமே 100 ரூபாய்.

எங்கள் பகுதிக்கு இந்தக் கணக்கெல்லாம் கூடுதலாகப் பொருந்தும். கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையை நினைக்கிறார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் இருக்கும் சித்தூர் வட்டத்தின் இந்த ஓரத்துக்கு அந்த மழையில் சிறு பங்குதான் கிடைக்கிறது. ஆற்றில் வரும் நீரும் அளந்து விடப்படுவது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர் ஆற்றுப் பாசனத்துக்குத் தரப்பட வேண்டும். அதற்காக ஒவ்வொரு கோடையிலும் இங்கே பேச்சும் போராட்டமும் நடப்பது வழக்கம். பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையும் இதே வட்டத்தில்தான் இருக்கிறது. குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து 2002-இல் அங்கே எழுந்த போராட்டத்துக்குப் பின், 2004-இல் அந்த ஆலை நின்றது. தண்ணீரின் அருமையை எங்களுக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் டீக்கடையில் ஆழியாற்றுக் கணக்கை டி.எம்.சி.யில் பேசுகிறவரின் வீட்டில் மேல்தொட்டி வழிவதைப் பார்க்கும்போது, அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகளில் மற்றொரு எதிரி உப்பு. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, சுண்ணாம்புப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. ஹீட்டர் சுருளில் வெள்ளைத் தோல் கட்டுவது இதனால்தான். சூடாக்காத இடங்களிலும், ஈரம் காய்ந்து காய்ந்து நனையும் குழாய் வாயில் அதே படிவு வளர்கிறது. திருகுக் குழாயின் வாஷர் உட்காரும் இடத்தில் இந்தப் படிவு ஏறியதும் குழாய் சரியாக அடைபடாது. வீட்டுக்காரர் இன்னும் பலமாக முறுக்குவார். வாஷர் நசுங்கும், அதன் பின் மரையும் தேயும். கால் சுற்றில் அடைக்கும் புது வகைக் குழாய்களில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் இருப்பதால் அவை நீண்ட நாள் வரும். ஆனால் ஒரு மணல் துகள் சிக்கினால் தட்டு கீறிவிடும். ஆகையால் புதுக் குழாயைப் பொருத்தும் முன், லைனில் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குப்பையை வெளியேற்றாத பிளம்பரை நான் நம்புவதில்லை.

குழாய் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றி, வினிகரில் இரவு முழுவதும் ஊறவைத்தால் சுண்ணாம்பு தானாகக் கரைந்துவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குழாயின் பளபளப்பு போவதோடு உள்ளே இருக்கும் பித்தளையும் அரிக்கும். இவ்வட்டாரத்தின் சில கிணறுகளில் ஃப்ளூரைடும் உண்டு. அதற்குக் குழாய் வேலையில் தீர்வு இல்லை, காய்ச்சினாலும் போகாது. நீரைச் சோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிப்பதற்கு வேறு நீரைத்தான் தேட வேண்டும், அல்லது ஆர்.ஓ. வைக்க வேண்டும். அந்த ஆர்.ஓ. கழித்துவிடும் நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் உதவும். செடிக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

கடைக்காரர்களிடம் பேச்சு வேறு விதமாக இருக்கும். அவர்களுக்குத் தண்ணீர் என்பது டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் பணம். காய்கறிச் சந்தை பக்கத்தில் மெஸ் நடத்தும் ஒருவர், கோடையில் லாரிச் செலவு தாங்கவில்லை என்று என்னை அழைத்தார். கசிவு எங்கும் இல்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் குழாய் திறந்தபடியே இருந்தது. கழுவுகிற அக்காவுக்கு இரு கைகளிலும் சாம்பார்க் குண்டா இருக்கும்போது, அவர் எந்தக் கையால் குழாயை மூடுவார்? வாளியை வைத்து அளந்ததில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு 1,800 லிட்டர். காலால் மிதித்தால் மட்டும் நீர் வரும் வால்வு ஒன்றைத் தரையில் பொருத்தி, ஊறவைக்க ஒன்று, தேய்க்க ஒன்று, அலச ஒன்று என மூன்று தொட்டிகளாகப் பிரித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாதியாகக் குறைந்தது என்று முதலாளி சொன்னார். குனிந்து குனிந்து குழாயைத் தேட வேண்டியதில்லை என்பதே அக்கா சொன்ன மகிழ்ச்சி.

என் கைப்பிழைகளையும் மறைக்கக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில், இரும்புக் குழாய்க்குச் சணல் சுற்றி இறுக்கிய பழக்கத்தில், பிளாஸ்டிக் மரைகளையும் அப்படியே இறுக்கிக்கொண்டிருந்தேன். இறுக்கும்போது ஒன்றும் ஆகாது. சில வாரங்கள் கழித்து, நடு இரவில் அந்தப் பொருத்து நெட்டுக்கு விரியும். ஒரு வீட்டில் பூசிய சுவரை இரண்டாம் முறை என் செலவில் உடைத்தேன். இப்போது குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை பதித்த பொருத்துகளை மட்டுமே போடுகிறேன். சுவருக்குள் மறையும் லைனை இரவு முழுவதும் அழுத்தத்தில் நிறுத்தி, காலையில் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை என்று கண்ட பிறகே பூச விடுகிறேன். வெந்நீர் லைனுக்கு சிபிவிசி குழாயும் அதற்கு உரிய பசையுமே வேண்டும். சாதாரண பிவிசி வெந்நீரில் இளகிவிடும், வெயிலில் கிடந்தாலோ நொறுங்கும்.

மெயின் வால்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பித்தளை கேட் வால்வை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பில் இறுகிவிடும். குழாய் வெடித்த அன்று முறுக்கினால் கைப்பிடிதான் கையோடு வரும். மாதம் ஒரு முறை மூடித் திறந்தால் அது கெடாது. மாற்ற வேண்டி வந்தால் கால் சுற்றில் அடைக்கும் பால் வால்வு நல்லது. அது எங்கே இருக்கிறது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சென்ற மாதம், தண்ணீர் முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வீட்டில் நானும் வீட்டுக்காரரும் கைவிளக்கோடு அரை மணி நேரம் அதைத் தேடினோம். ஊரிலிருந்த அவருடைய அப்பாவுக்குப் போன் செய்த பிறகுதான், விறகு அடுக்குக்குப் பின்னால் இருப்பதாகத் தெரிந்தது.