வினிகர் நெடி வீசும் படச்சுருள்கள்

பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த படப்பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால், உள்ளிருக்கும் படம் அழியத் தொடங்கிவிட்டது என்பதைக் காப்பகப் பணியாளர் அறிந்துகொள்வார். ஒரு தலைவரின் உரையோ வெள்ளம் சூழ்ந்த ஊரின் காட்சியோ பதிவான, அசிட்டேட் என்னும் நெகிழியாலான சுருள், வெப்பமும் ஈரமும் பட்டு, வினிகர் நெடிக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் தூண்டுவதால், ஒரு கட்டத்துக்குப் பின் அழிவு வேகமெடுக்கிறது. சுருள் சுருங்கி நெளிந்து, விளிம்புத் துளைகள் கருவியின் பற்களில் பொருந்தாமல் போகின்றன. நேர்ந்த சிதைவை மாற்ற வழியில்லை. குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்து அதன் வேகத்தைத் தணித்து, நகலெடுக்க அவகாசம் தேடிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்தச் சுருளுக்கு முதலிடம் என்பதைப் பெட்டிக்குள் இடும் நீலநிறச் சோதனைத்தாள் சொல்லிவிடும்: அமிலம் மிகுந்தால் அது பச்சையாகி, பிறகு மஞ்சளாகும்.

1950களின் தொடக்கம் வரை புழங்கிய, நைட்ரேட் என்னும் வேறுவகை நெகிழியாலான சுருள் இதைவிட ஆபத்தானது. எரியும்போது அதுவே ஆக்சிஜனை வெளியிடுவதால், நீரில் மூழ்கடித்தாலும் தீ அணையாது.

காந்த நாடாவின் நோய் வேறு. காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. அந்த நிலையில் நாடாவை ஓட்டினால் அது கிறீச்சிடும்; துகள்கள் உரிந்து கருவியில் ஒட்டும்; பதிவான குரலும் அவற்றோடு போய்விடும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் நாடா சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் நகலெடுத்தாக வேண்டும். நாடா நலமாக இருந்தும் ஓட்டக் கருவி கிடைக்காத நிலையே இதனினும் கவலைக்குரியது. 2025க்குள் எண்ம வடிவுக்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவற்றை இழக்க நேரிடும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது.

நகலெடுக்கும்போது ஒலியலையை வினாடிக்கு 96,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 ஆகிய 24 இலக்கங்களில், சுருக்காமல் பதிகிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை அவ்வப்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவார்கள்; ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும், உடனே வேறிடத்தில் உள்ள பிரதியிலிருந்து கோப்பை மீட்பார்கள். பேசியவர் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். அது இல்லாத குரலை வரலாற்றாசிரியர் எடுத்தாள முடியாது.

நகல் கிடைத்தபின் மூலத்தை எறிந்துவிடலாம் என்ற எண்ணம் மிகத் தவறானது. 1860இல் பிரான்சில் எடுவார்-லெயோன் ஸ்காட் புகைக்கரி படிந்த தாளில் ஒரு பாடல் வரியின் ஒலியலைகளைக் கோடுகளாக வரையச் செய்தார். அவற்றைத் திரும்பக் கேட்க அன்று எந்தக் கருவியும் இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான், 2008இல் ஆய்வாளர்கள் அதைப் படமெடுத்து, கணினி வழியே அந்தப் பாடல் வரியை ஒலிக்கச் செய்ய முடிந்தது.